இரண்டு கொடிகள், குடிமக்கள் இல்லாத ஓர் ஆட்சி: நியூ ஹெப்ரிடிஸ் கூட்டு ஆளுகை (1906–1980)

நியூ ஹெப்ரிடிஸ் தீவுகளின் ஆங்கில–பிரெஞ்சுக் கூட்டு ஆளுகை 1980 ஜூலை 30 அன்று மறைந்தது. பிறந்தது 1906 அக்டோபர் 20. 74 வயது நிறையச் சில மாதங்கள் குறைவு. பசிபிக் பெருங்கடலின் தென்மேற்கில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, ஃபிஜிக்கு மேற்கே, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் அதன் ஆளுகையில் இருந்தன. இன்று அவை வனுவாட்டு என்ற குடியரசு.

அந்நிய ஆட்சி ஒன்று ஒழிந்ததற்கு இரங்கல் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரிட்டிஷ் ஆட்சிக்கோ பிரெஞ்சு ஆட்சிக்கோ தனித்தனியே இரங்கல் எழுத எனக்கு மனம் வராது. இது வேறு வகை. இரண்டு வல்லரசுகள் ஒரே மண்ணை, நடுவில் எல்லைக்கோடு எதுவும் கிழித்துக்கொள்ளாமல், ஒரே நேரத்தில் ஆண்டன. இரண்டு உலகப் போர்களிலும் ஒரே அணியில் நின்றவை அவை. தங்கள் நட்புக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்பதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டன. நட்பு தப்பியது. ஆனால் அந்த ஏற்பாட்டின் காலத்தில் அங்கே பிறந்து, உழைத்து, இறந்துபோன தீவு மக்கள் உலகத்தில் எந்த நாட்டுக்கும் குடிமக்களாக இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். என் இரங்கல் அவர்களுக்கு. அவர்கள் பெயர்கள் ஆவணங்களில் அதிகம் இல்லை. அவர்களை ஆண்ட அமைப்பின் வாழ்க்கையைச் சொல்லித்தான் அவர்களிடம் போய்ச் சேர முடிகிறது.

கேப்டன் குக் 1774-இல் இந்தத் தீவுகளைக் கடந்தபோது ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடிஸ் தீவுகளை நினைத்து ஒரு பெயரைச் சூட்டிவிட்டுப் போனார். அடுத்த நூற்றாண்டில் சந்தன மரத்துக்காக வியாபாரிகள் வந்தார்கள். சந்தனம் அருகியதும் மனிதர்களுக்காக வந்தார்கள். 1863-இலிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து 60,000-க்கும் மேற்பட்ட கூலி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அதில் பெரும் பங்கு இந்தத் தீவுகளிலிருந்து. சிலர் விரும்பிப் போனவர்கள், சிலர் ஏமாற்றப்பட்டவர்கள், சிலர் கடத்தப்பட்டவர்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நேட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் கப்பலேறிய நம் மக்களுக்கு நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளையர் கொண்டுவந்த நோய்களில் ஊர் ஊராக மக்கள் செத்தார்கள்.

பிரெஸ்பிட்டேரியன் மிஷனரிகள் பிரிட்டன் இத்தீவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஓயாமல் எழுதினார்கள். ஆஸ்திரேலியக் காலனிகளும் அதையே வற்புறுத்தின. பக்கத்து நியூ கலிடோனியாவை 1853-இல் கைப்பற்றியிருந்த பிரான்ஸ், இவை அதன் இயற்கையான நீட்சி என்று கருதியது. அயர்லாந்தில் பிறந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற ஜான் ஹிக்கின்சன் 1882-இல் ஒரு கம்பெனி தொடங்கி, லட்சக்கணக்கான ஹெக்டேர் நிலத்தை வாங்கியதாகப் பத்திரம் எழுதிக்கொண்டார். துணிக்கும் புகையிலைக்கும் துப்பாக்கிக்கும் கைமாறிய நிலங்கள் அவை. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று கேட்க ஆள் இல்லை. நிலம் குலத்துக்குச் சொந்தம், ஒரு தனி மனிதர் அதை என்றென்றைக்கும் கொடுத்துவிட முடியாது என்பது அந்த மக்களின் வழக்கம். அந்தப் பத்திரங்கள்தாம் நூறாண்டு கழித்து இந்த ஆட்சியைக் கொன்றன என்பது என் கருத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கம் ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் மோதிக்கொண்ட அதே இருவர், இங்கே மோத விரும்பவில்லை. 1887-இல் கூட்டுக் கடற்படை ஆணையம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1904-இல் எகிப்தையும் மொராக்கோவையும் பற்றிய பழைய வழக்குகளைத் தீர்த்துக்கொண்டு நட்புறவு உடன்பாடு செய்துகொண்டபோது, அதோடு சேர்ந்த ஒரு பிரகடனத்தில் சயாம், மடகாஸ்கர் ஆகியவற்றுடன் நியூ ஹெப்ரிடிசும் இடம்பெற்றது. இரண்டாண்டில் ஒப்பந்தம் தயாரானது. ஜெர்மனி உள்ளே வந்துவிடக் கூடாது, ஒருவரைவிட இன்னொருவர் அதிகமாகப் பெற்றுவிடவும் கூடாது. இந்த இரண்டு கவலைகளும் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகின்றன. 1914 ஆகஸ்டு 6 அன்று, முதல் உலகப் போரில் இரு நாடுகளும் ஒரே பக்கம் இறங்கிய அதே வாரத்தில், லண்டனில் இதை விரிவாக்கும் நெறிமுறை கையெழுத்தானது. அது உறுதிப்படுத்தப்பட 1922 வரை ஆனது.

ஆட்சி எப்படி நடந்தது? விலா என்ற சிறு துறைமுக நகரத்தில் இரண்டு ஆணையர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் ஆணையர் துறைமுகத்துக்குள்ளேயே இருந்த இரிரிகி என்ற குட்டித் தீவில் குடியிருந்தார். பிரெஞ்சு ஆணையர் நகரத்து மேட்டில். இரண்டு போலீஸ், இரண்டு சிறை, இரண்டு மருத்துவத் துறை, இரண்டு பள்ளி முறை, இரண்டு நாணயம். பிரிட்டிஷ் சட்டம் பிரிட்டிஷ் குடிகளுக்கு, பிரெஞ்சுச் சட்டம் பிரெஞ்சுக் குடிகளுக்கு. வேறு நாட்டார் யாராவது வந்து தங்கினால் ஒரு மாதத்துக்குள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இவற்றுக்கு மேல் தபால், சுங்கம், பொதுப்பணி போன்றவற்றுக்கு மூன்றாவதாக ஒரு கூட்டு நிர்வாகம். ஒரு மோசமான சாலையைச் செப்பனிட வேண்டுமானாலும் இரண்டு தலைநகரங்களின் சம்மதம் தேவைப்படலாம். இரண்டு கொடிகளும் ஒரே உயரத்தில் பறக்கின்றனவா என்று அளந்து பார்ப்பார்களாம். பயணிகள் எழுதிவைத்த இந்தக் கதை உண்மையோ இல்லையோ, அதைச் சொல்லாதவர்கள் இல்லை.

1910-இல் கூட்டு நீதிமன்றம் தொடங்கியது. ஒரு பிரிட்டிஷ் நீதிபதி, ஒரு பிரெஞ்சு நீதிபதி. இருவரும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்பளிக்க நடுநிலைத் தலைவர் ஒருவர். அவரை நியமிக்கும் பொறுப்பு ஸ்பெயின் மன்னருக்கு. முதல் தலைவராக வந்த ஸ்பானியப் பிரபுவுக்குக் காது மந்தம் என்றும், வழக்காடும் இரு மொழிகளிலும் அவருக்குப் பிடிமானம் குறைவு என்றும் அக்காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். பயணிகள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நீதிமன்றத்தில் தன் நிலத்துக்காக நின்ற தீவுக்காரரின் இடத்திலிருந்து பார்த்தால், மேலே உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அவர் மொழி தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் தீவுக்கூட்டம் அது. ஒன்றுகூட நீதிமன்ற மொழி இல்லை. நிலப் பதிவு வழக்குகளோ பல ஆண்டுகள் நகரவே இல்லை. பங்காளிகள் வழக்குப் போட்டு முடக்கிய நிலத்தில் எவரும் ஏர் பூட்ட முடியாது. ஆனால் அந்த நிலத்துக்கு உண்மையில் உரியவர் வேலிக்கு வெளியே நிற்கும் மூன்றாமவர் என்றால் அவர் எங்கே போய் முறையிடுவார்?

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. இந்தத் தீவுகளில் பூர்வகுடி யாரும் பிரிட்டிஷ் பிரஜையாகவோ பிரெஞ்சுப் பிரஜையாகவோ ஆக முடியாது என்று அது சொன்னது. ஒருவர் தன் பக்கம் அதிகம் பேரைச் சேர்த்துப் பலத்தைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் நோக்கம். எழுதியவர்களுக்கு அது ஒரு சமநிலை ஏற்பாடு. மக்களுக்கு அதன் பொருள், அவர்கள் நாடற்றவர்கள் என்பது. வெளிநாடு போக வேண்டிய தீவுக்காரரின் கையில் ஒரு காகிதம் இருக்கும். அது கடவுச்சீட்டு ஆகாது. இன்னார் என்று இரண்டு ஆணையர்களும் சொல்வதை எடுத்துக்காட்டும், அவ்வளவுதான். ஒரு பேரரசின் அடிமைப் பிரஜையாக இருந்தாலாவது அந்தப் பேரரசிடம் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைக்கும். காந்தி தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷ் பிரஜை என்ற பிடியைத்தான் முதலில் பற்றினார். நியூ ஹெப்ரிடிஸ் மக்களுக்கு அந்தப் பிடியும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது இந்த அமைப்பு முதல் முறையாகத் தன் சுயரூபத்தைக் காட்டியது. 1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. பின்னர் விஷி நகரிலிருந்து இயங்கிய அதன் புதிய அரசு போரை நிறுத்தி ஜெர்மனியோடு உடன்பாடு செய்துகொண்டது. லண்டனில் பிரெஞ்சு ஜெனரல் டி கோல் போரைத் தொடர்வதாக அறிவித்தார். உலகெங்கும் உள்ள பிரெஞ்சு ஆளுநர்கள் யார் பக்கம் போவது என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். விலாவில் இருந்த பிரெஞ்சு ஆணையர் ஆன்ரி சோத்தோ தயங்கவில்லை. அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார். ஜூலையிலேயே டி கோலின் பக்கம் சேர்ந்துவிட்டதாகத் தந்தி அடித்தார். கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளில் முதலில் சேர்ந்தது அதுதான். (நம் பாண்டிச்சேரியின் ஆளுநர் லூயி போன்வேன் செப்டம்பரில்தான் அந்த முடிவுக்கு வந்தார். இரண்டு இடங்களிலும் பிரிட்டிஷார் பக்கத்திலேயே இருந்தார்கள். முடிவில் அதன் பங்கு சிறியதல்ல.) விலாவில் பிரெஞ்சு ஆணையர் விஷி பக்கம் போயிருந்தால், ஒரே நகரத்தை ஆளும் இரு அரசுகளும் பகை நாடுகளாகியிருக்கும். நட்பை நம்பி மட்டுமே கட்டப்பட்ட வீட்டின் அஸ்திவாரம் எவ்வளவு மெல்லியது என்று அந்த ஜூலை காட்டிவிட்டது. தீவு மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

சோத்தோவைத் தனியே நிறுத்திச் சொல்ல வேண்டும். செப்டம்பரில் அவர் நார்வே எண்ணெய்க் கப்பல் ஒன்றில், ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் அடிலெய்டின் பாதுகாப்புடன் நியூ கலிடோனியாவின் நூமேயா போய் இறங்கினார். விஷி ஆதரவு ஆளுநர் ஒதுங்க, சோத்தோ ஆளுநரானார். மக்கள் அவரை நேசித்தார்கள். அங்கிருந்தும் தாஹிதியிலிருந்தும் நியூ ஹெப்ரிடிசிலிருந்தும் திரண்ட தொண்டர்களைக் கொண்ட பசிபிக் படைப்பிரிவு பின்னர் லிபியப் பாலைவனத்தில் பீர் ஹக்கீமில் நின்று போரிட்டது. ஆனால் டி கோல் 1941 இறுதியில் அவருக்கு மேலே ஓர் உயர் ஆணையரை அனுப்பினார்: தியெரி தார்ஜான்லியூ, கார்மலைட் துறவியாக இருந்து கடற்படைக்குத் திரும்பியவர். 1942 மார்ச் 12 அன்று அமெரிக்க ஜெனரல் அலெக்சாண்டர் பேட்ச் பெரும் படையுடன் நூமேயாவில் இறங்கினார். மூன்று நண்பர்கள், ஒரே ஊர். யார் கட்டளையிடுவது? பிரெஞ்சு இறையாண்மைக்கு இம்மியும் குறைவு வரக் கூடாது என்று தார்ஜான்லியூ நின்றார். ஜப்பானியர் எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில் பேட்சுக்குத் தேவைப்பட்டது அமைதியான பின்தளம்.

மே மாதத் தொடக்கத்தில் தார்ஜான்லியூ சோத்தோவைப் பிடித்துக் கப்பலேற்றி நியூசிலாந்துக்கு அனுப்பிவிட்டார். நூமேயாவில் கடைகள் மூடின, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். தார்ஜான்லியூவை லா ஃபோவா என்ற ஊரில் குடியேறிகள் சில நாள் தடுத்து வைத்தார்கள். இது நடந்த அதே நாட்களில், சற்று மேற்கே பவளக் கடலில் அமெரிக்க–ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் போரிட்டுக்கொண்டிருந்தன. எதிரி சில நாள் கப்பல் தொலைவில் இருக்க, நண்பர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கர்கள்தாம் கலகத்தைத் தூண்டினார்கள் என்று டி கோல் கடைசிவரை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு முழு ஆதாரம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பிரெஞ்சுக் காலனிகள் போருக்குப் பின் அப்படியே பிரான்சிடம் திரும்ப வேண்டுமா என்று ரூஸ்வெல்ட் வெளிப்படையாகவே ஐயப்பட்டவர். அதை அறிந்த ஒருவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது வியப்பில்லை.

நியூ ஹெப்ரிடிசுக்கு அமெரிக்கர்கள் வந்ததும் 1942-இன் முற்பகுதியில்தான். விலா இருக்கும் எஃபாட்டே தீவுக்கு ராணுவச் சங்கேதப் பெயர் ரோசஸ். வடக்கே எஸ்பிரித்து சாந்தோவுக்கு பட்டன்ஸ். குவாடல்கனாலில் ஆகஸ்டு 7 அன்று தரையிறங்கத் திட்டமிட்டிருந்தார்கள். அதற்கு விமானத் துணை வேண்டும். சாந்தோவின் காட்டை வெட்டி சில வாரங்களில் ஓடுதளம் போட்டார்கள். பிறகு இன்னும் மூன்று. லூகன்வில் என்ற சிற்றூர், கப்பல் பழுதுபார்க்கும் மிதவைத் துறை, மருத்துவமனைகள், சினிமாத் திரைகள், வரிசை வரிசையாகத் தகரக் கூடாரக் கட்டடங்கள் கொண்ட பெரும் படைநகரமாயிற்று. அக்டோபர் 26 அன்று 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுடன் வந்த பிரசிடெண்ட் கூலிட்ஜ் கப்பல், துறைமுக வாயிலில் தங்கள் படையே விதைத்த கண்ணிவெடிகளில் மோதி மூழ்கியது. இறந்தவர்கள் இருவர், அவர்களில் ஒருவரான கேப்டன் எல்வுட் யூவார்ட் உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்றத் திரும்பிப் போனவர்.

36 ஆண்டுகளாக ஒரு சாலைக்கு இரண்டு தலைநகரங்களைக் கேட்டுக்கொண்டிருந்த நிர்வாகம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அமெரிக்கர்களுக்கு இரண்டு ஆணையர்களிடமும் தனித்தனியே பேசுவது சலிப்பு. பிரெஞ்சுத் தோட்டக்காரர்களுக்கு அமெரிக்கர்கள் தங்கள் தென்னந்தோப்புகளை வெட்டுகிறார்கள், கூலியாட்களைக் கெடுக்கிறார்கள் என்று கோபம். கொப்பரைத் தோட்டங்களில் 1920களிலிருந்தே ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட டோங்கின் நாட்டு வியட்நாமியர்கள் வேலை செய்தார்கள். படைமுகாமில் துணி வெளுத்தும் பொருட்கள் விற்றும் ஒரு வாரத்தில் கிடைத்த பணம் தோட்டத்தில் மாதக்கணக்கில் கிடைக்காது. ஜேம்ஸ் மிச்சனர் அப்போது கடற்படை அதிகாரியாக சாந்தோவில் இருந்தார். பின்னால் அவர் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற 'டேல்ஸ் ஆஃப் த சவுத் பசிபிக்' நூலின் மறக்க முடியாத பாத்திரங்களில் ஒருத்தி அப்படிப்பட்ட டோங்கின் பெண்தான். அந்தத் தொழிலாளர்கள் வீடு திரும்புவது போர் முடிந்தும் இழுத்துக்கொண்டே போயிற்று. பெரும்பாலோர் 1963-இல்தான் போக முடிந்தது.

ஆனால் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருமுகமாக நின்ற ஒரு விஷயம் இருந்தது: கூலி. படைவேலைக்குத் தீவு மக்களை அனுப்பினார்கள். தெற்கே தன்னா தீவிலிருந்து மட்டும் ஆயிரம் பேர் அளவில் எஃபாட்டேவுக்குக் கப்பலேறினார்கள். உழைக்கும் வயது ஆண்களில் பெரும்பகுதி அது. அவர்களுக்கு அமெரிக்கர்கள் அதிகம் கொடுத்துவிடக் கூடாது, கொடுத்தால் போருக்குப் பின் தோட்ட வேலைக்கு ஆள் வரமாட்டார்கள் என்று இரண்டு நிர்வாகங்களும் வற்புறுத்தின. கூலி தாழ்வாகவே இருந்தது. வீரர்கள் அன்பாகக் கொடுத்த சட்டைகளையும் போர்வைகளையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டதைத் தீவின் முதியவர்கள் பின்னாளில் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் ஒத்துப்போகாத இரு அரசுகள் இதில் ஒத்துப்போயின என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மக்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். கறுப்பின அமெரிக்க வீரர்கள் லாரி ஓட்டினார்கள், இயந்திரங்களை இயக்கினார்கள், வெள்ளை வீரர்கள் போட்ட அதே சீருடையைப் போட்டிருந்தார்கள், அதே உணவைச் சாப்பிட்டார்கள். அமெரிக்கப் படைக்குள் அப்போது இன ஒதுக்கல் இருந்தது. தீவிலிருந்து பார்த்தவர்களுக்கு அது முழுதாகத் தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது, தங்களைப் போன்ற நிறமுள்ளவன் நிமிர்ந்து நடக்க முடியும் என்பது. படைவீரன் மேசையில் உட்காரவைத்து உணவு கொடுத்தான், பெயர் சொல்லி அழைத்தான். தோட்டத்தில் அது நடந்ததில்லை.

தன்னாவில் போர் வருவதற்கு முன்பே ஜான் ஃப்ரம் என்ற ஒருவரைப் பற்றிய பேச்சு பரவியிருந்தது. மிஷனரிகள் தடைசெய்த நடனத்தையும் காவா என்ற பானம் அருந்துவதையும் மீட்கச் சொன்னார். வெள்ளையர் போய்விடுவார்கள் என்றார். 1941-இல் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தேவாலயங்களைக் காலி செய்தார்கள். பிரிட்டிஷ் மாவட்ட அதிகாரி ஜேம்ஸ் நிக்கல் தலைவர்களைப் பிடித்து விலாவுக்கு அனுப்பினார். எந்த ஊர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்களோ அந்த ஊரில்தான் அடுத்த ஆண்டு அமெரிக்கர்கள் வந்திறங்கினார்கள். 1943-இல் தன்னாவின் வடக்கே நெலோயாக் என்பவர் அமெரிக்க விமானங்கள் இறங்க ஓடுதளம் வெட்ட மக்களைத் திரட்டினார். இங்கே நடப்பதற்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பில்லை என்று விளக்க அமெரிக்க அதிகாரிகளையே அழைத்துவர வேண்டியதாயிற்று. இதை மூடநம்பிக்கை என்று எழுதிய மேற்கத்தியப் புத்தகங்கள் ஏராளம். எனக்கு அது அரசியலாகத் தெரிகிறது. யாருக்கும் பிரஜை இல்லாத மக்கள், ஆளும் இருவரையும்விடப் பலசாலியான மூன்றாவது ஒருவரைக் கண்டார்கள். அவரிடம் தங்கள் வழக்கைக் கொண்டுபோக முயன்றார்கள். இன்றும் அங்கே பிப்ரவரி 15-ஐ ஜான் ஃப்ரம் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

போர் முடிந்தது. சாந்தோவில் குவிந்திருந்த லாரிகள், புல்டோசர்கள், கிரேன்கள், உதிரிப் பாகங்கள் அனைத்தையும் திரும்பக் கொண்டுபோவது அமெரிக்கர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அடிமாட்டு விலைக்கு இரு நிர்வாகங்களிடமும் விற்க முன்வந்தார்கள். அவர்கள் வாங்கவில்லை, விட்டுவிட்டுத்தானே போக வேண்டும், சும்மா கிடைக்கும் என்று காத்திருந்தார்கள் என்பது தீவில் எல்லாரும் சொல்வது. அமெரிக்கர்கள் கடற்கரையில் சரிவுப்பாதை அமைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிவந்து கடலில் தள்ளினார்கள். அந்த இடத்துக்கு மில்லியன் டாலர் பாயிண்ட் என்று பெயர். இப்போது அங்கே சுற்றுலாப் பயணிகள் முக்குளித்துப் பார்க்கிறார்கள். அந்த இயந்திரங்கள் இருந்திருந்தால் எத்தனை ஊர்களுக்குப் பாதை போட்டிருக்கலாம் என்று எண்ணாமல் என்னால் அதைப் பற்றிப் படிக்க முடிந்ததில்லை. நண்பர்கள் மூவரும் பேரம் பேசினார்கள், யாரும் இறங்கிவரவில்லை, நஷ்டம் நான்காமவருக்கு.

அதன்பின் கூட்டு ஆளுகை 35 ஆண்டு உயிரோடு இருந்தது. பெரும்பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1960களில் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் கால்நடை மேய்ச்சலுக்காக உள்காடுகளை அழிக்கத் தொடங்கியபோது பழைய பத்திரங்கள் உயிர்பெற்றன. பத்திரத்தில் இருக்கிறது, ஆனால் நாங்கள் கொடுக்கவில்லை என்றார்கள் மக்கள். சாந்தோவில் ஜிம்மி ஸ்டீவன்ஸ் நாக்ரியாமெல் இயக்கத்தைத் தொடங்கி, 1971-இல் ஐ.நா.வுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அதே ஆண்டு ஆங்கில வழியில் படித்த இளைஞர்கள் கட்சி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆங்கிலிகன் பாதிரியார் வால்டர் லினி அதன் தலைவரானார். பிரிட்டன் சீக்கிரம் கிளம்ப விரும்பியது. நியூ கலிடோனியாவைப் பற்றிய கவலையால் பிரான்ஸ் விரும்பவில்லை. ஆங்கிலம் படித்தவர்கள் ஒரு கட்சி, பிரெஞ்சு படித்தவர்கள் இன்னொரு கட்சி. இரண்டு பள்ளி முறைகளும் போட்டி போட்டு வளர்த்த பிளவு இது. 1979 நவம்பர் தேர்தலில் லினியின் கட்சி வென்றது.

1980 மே 28 அன்று ஸ்டீவன்சின் ஆட்கள் லூகன்வில்லைக் கைப்பற்றி வெமரானா என்ற தனி நாட்டை அறிவித்தார்கள். அரசுக் கட்டுப்பாடற்ற சந்தைப் பொருளாதாரக் கனவோடு வந்த அமெரிக்கப் பணக்காரர்களின் அமைப்பு ஒன்றும், பிரெஞ்சுக் குடியேறிகளும் பின்னால் இருந்தார்கள். ஜூனில் தன்னாவில் பிரெஞ்சு வழியில் படித்த சட்டமன்ற உறுப்பினர் அலெக்சிஸ் யோலு மோதலில் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க இரண்டு ஆணையர்களும் ஒப்ப வேண்டும். பிரிட்டனின் ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்டும் பிரான்சின் ழான்-ழாக் ரொபேரும் ஒப்பவில்லை. அவர்களின் தலைநகரங்கள் ஒப்பவில்லை. பிரிட்டிஷ் மரைன்கள் வந்தார்கள், பிரெஞ்சுப் படை வந்தது, ஜூலை இறுதியில் இருவரும் சேர்ந்து சாந்தோவில் இறங்கியும் கலகக்காரர்களைத் தொடவில்லை. அப்படியே ஜூலை 30 வந்தது. சுதந்திர நாட்டின் முதல் பிரதமரான லினி, பப்புவா நியூ கினியிடம் படை கேட்டார். ஆகஸ்டில் அவர்கள் வந்து சில நாட்களில் முடித்துவைத்தார்கள். ஸ்டீவன்சின் மகன் சாலைத் தடையைக் கடந்தபோது சுடப்பட்டு இறந்தார். தந்தை சரணடைந்து, 1991 வரை சிறையில் இருந்தார். நிலத்துக்காகத் தொடங்கிய மனிதர் அயலாரின் கைப்பொருளாக முடிந்தது இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி.

புதிய அரசமைப்பு, நாட்டின் நிலம் அனைத்தும் வழக்கப்படி உரிமையுள்ள பூர்வகுடிகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் சொந்தம் என்று அறிவித்தது. ஹிக்கின்சன் காலத்துப் பத்திரங்கள் அன்றோடு செல்லாமல் போயின. தோட்டங்களிலும் கப்பல்களிலும் கலந்து பிறந்த பிஸ்லாமா தேசிய மொழியாயிற்று. நாடற்றவர்களாகப் பிறந்தவர்கள், ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமானோர், முதல் முறையாக ஒரு நாட்டின் குடிமக்களானார்கள். ஆங்கிலமும் பிரெஞ்சும் கல்வி மொழிகளாகத் தொடர்கின்றன.

மறைந்த ஆட்சி விட்டுச்சென்ற சொத்தில் ஒரு வழக்கு மட்டும் பாக்கி. தெற்கே மாத்யூ, ஹண்டர் என்ற இரண்டு எரிமலைத் தீவுகள். மனிதர் யாரும் வசிப்பதில்லை. பிரான்ஸ் அவற்றை நியூ கலிடோனியாவோடு சேர்த்து வைத்திருக்கிறது. அவை தங்கள் முன்னோரின் இடங்கள் என்கிறார்கள் தெற்குத் தீவுகளின் மக்கள். வனுவாட்டு அரசு உரிமை கோருகிறது, சுற்றியுள்ள கடலுக்கும் சேர்த்து. இந்த முறை வழக்காடுபவர்களில் ஒருவர் அந்த மண்ணின் மக்கள்.